சும்மா கொடுத்த ராணி

செஞ்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் சிறுவர் செஸ் போட்டி. தங்கை பேரனுக்குத் துணையாகப் போயிருந்தேன். துணை என்றால் வாட்டர் பாட்டில் தூக்குகிற வேலை. அவனுடைய முதல் ரவுண்டு கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. எப்படி முடிந்தது என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

சும்மா நின்றபோது, கயிற்றை ஒட்டின கடைசி மேஜையில் ஒரு ஆட்டம் கண்ணில் பட்டது. ஒன்பது வயசுப் பெண் ஒருத்தி, இரட்டைப் பின்னல். எதிரே ஒரு ஒல்லிப் பையன். பெண் பக்கம்தான் பலம். ராஜா ஓரமாய் மூன்று சிப்பாய்களுக்குப் பின்னால் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. கடைசி வரிசையில் ஒரு யானை காவல். பையன் கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சினான். பிறகு ராணியை எடுத்து அந்த யானை வெட்டுகிற இடத்தில் கொண்டுபோய் வைத்தான். பெண் முகத்தில் தீபாவளி. யானையால் ராணியை வெட்டினாள். பையன் தன் யானையைக் கடைசி வரிசைக்கு இறக்கினான். செக். ராஜாவுக்கு முன்னே சொந்த சிப்பாய்கள் மூன்று. நகர இடமில்லை. காவலுக்கு இருந்த யானை ராணியைத் தின்னப் போய்விட்டது. மேட்.

வெளியே வந்ததும் அப்பா ஆரம்பித்தார்.

“ராணிய எவனாவது சும்மா குடுப்பானாடி? ஒரு நிமிஷம் யோசிக்க வேணாம்?”

“சும்மாதான்பா குடுத்தான். அதான் எடுத்தேன்.”

“கண்ணு எங்க இருந்துது?”

பயிற்சியாளர் ஓடி வந்து சமாதானம் சொன்னார். “பாப்பா ஓப்பனிங்ல பன்னெண்டு மூவ் புக்ல இருக்கற மாதிரியே ஆடிச்சு சார். அந்தப் பையன் திடீர்னு ஒரு ட்ரிக் பண்ணிட்டான். அதெல்லாம் லக்கு.”

திடீர், ட்ரிக், லக்கு. இந்த மூன்று வார்த்தைகளோடுதான் எனக்குச் சண்டை.

சீட்டாட்டத்தில் எதிராளி கையில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. அங்கே திடீர் என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். செஸ்ஸில் எதை ஒளிக்க முடியும்? 64 கட்டம், 32 காய், எல்லாம் விளக்கு வெளிச்சத்தில். பையன் சட்டைப்பையிலிருந்து ஒரு யானையை எடுத்து வைக்கவில்லை. அந்த யானை பத்து நிமிஷமாக அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தது. சிப்பாய் மூன்றும் ராஜாவை அடைத்துக்கொண்டு நின்றதும் அப்படியே. அவன் கண்டது அவளுக்கும் தெரிந்த பலகையைத்தான். இதில் ட்ரிக் எங்கே வந்தது?

நம் கண்ணுக்கு ஒரு கெட்ட பழக்கம். ஒரு காய் நகர்ந்தால், அது எங்கே வந்து நிற்கிறது என்று மட்டும் பார்க்கும். எதை விட்டு வந்தது என்று பார்க்காது. நகர்கிற ஒவ்வொரு காயும் ஏதோ ஒரு கட்டத்தின் காவலை விட்டுவிட்டுத்தான் வருகிறது. ஏதோ ஒரு வழியைத் திறந்தோ அடைத்தோவிட்டுத்தான் வருகிறது. அந்தப் பெண் ராணியைப் பார்த்தாள். தன் யானை விட்டுப்போன வரிசையைப் பார்க்கவில்லை. செஸ் புத்தகங்களில் வருகிற அதிரடித் தாக்குதல்களை எடுத்துப் பாருங்கள். ஒரே குதிரை ராஜாவையும் ராணியையும் சேர்த்து மிரட்டுவது, முன்னால் நிற்கும் காய் விலகியதும் பின்னால் பதுங்கியிருந்த பிஷப் (எங்கள் தெருவில் அது மந்திரி) செக் கொடுப்பது, காவல்காரனைத் தூண்டில் போட்டு இழுப்பது என்று வகை வகையாகப் பெயர் வைத்திருப்பார்கள். முக்கால்வாசியில் காவல் இல்லாத ஒரு காயோ, மூச்சு விட இடமில்லாத ஒரு ராஜாவோ, ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்க்கும் ஒரு பரிதாப ஜீவனோ இருக்கும்.

நாலே மூவில் செக்மேட் வாங்கிய அனுபவம் உங்களுக்கும் இருக்கும். வெட்கப்படாதீர்கள், எல்லோரும் வாங்கியதுதான். ராஜாவின் பக்கத்து பிஷப்புக்கு முன்னால் நிற்கிறதே ஒரு சிப்பாய், ஆட்டம் தொடங்கும்போது அதற்கு ராஜா ஒருவர்தான் காவல். பலகையை அடுக்கிய நொடியிலேயே அந்த ஓட்டை இருக்கிறது. எத்தனை தலைமுறையாக அதே ஓட்டையில் விழுந்து எழுந்து ‘திடீர்னு வந்துட்டான்’ என்கிறோம்!

இது செஞ்சியில் நடந்ததாலோ என்னவோ, முந்தின நாள் காலையில் மூச்சு வாங்க ஏறிப் பார்த்த கோட்டை ஞாபகத்துக்கு வந்தது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலை, மூன்றையும் வளைத்துச் சேர்க்கும் மதில். 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியர்களின் ராணுவக் கோட்டைகள் என்று 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததே, அதில் மகாராஷ்டிராவுக்கு வெளியே இருக்கிற ஒரே கோட்டை இதுதான். ராஜகிரி உச்சிக்குப் போக ஒரே வழி. அதிலும் கடைசியில் பாறை பிளந்து ஒரு பள்ளம், அதன் மேல் ஒரு பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் எமன்கூட மேலே வர முடியாது. கீழே நின்று பார்க்கிற எவரும் ‘இதை எவன்டா பிடிப்பான்?’ என்றுதான் சொல்வார்கள். குரங்குகளுக்குப் பயந்து வாழைப்பழத்தை மறைத்தபடி நானும் சொன்னேன்.

அவுரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் 1690-ல் இந்தக் கோட்டையை முற்றுகையிட வந்தார். உள்ளே சிவாஜியின் மகன் ராஜாராம். முற்றுகை இழுத்தது இழுத்தது, எட்டு வருஷம் இழுத்தது. நடுவில் 1692 கடைசியில் சந்தாஜி, தனாஜி என்ற இரண்டு மராட்டியத் தளபதிகள் வெளியிலிருந்து வந்து, முற்றுகையிட்டவர்களையே சுற்றி வளைத்தார்கள். எல்லோரும் மலையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தால் முதுகை யார் பார்ப்பது? 1698-ல் கோட்டை விழுந்தபோது ராஜாராம் உள்ளே இல்லை. முன்பே தப்பித்துப் போயிருந்தார்.

எட்டு வருஷக் கதை அது. ஒரே ராத்திரிக் கதையும் உண்டு. 1750 செப்டம்பர். திருவதிகைப் பக்கம் பிரெஞ்சுக்காரர்களிடம் தோற்றுச் சிதறிய முகமது அலியின் படை செஞ்சிக்கு ஓடி வந்து ஒதுங்கியது. ‘கோட்டைக்கு வந்துவிட்டோம், இனி பயமில்லை’ என்ற நினைப்பு. பின்னாலேயே புஸ்ஸி வந்தார். மதிலடியில் ஒரு சண்டை. பிறகு வெடி வைத்து வாசலைப் பிளந்து ஊருக்குள் நுழைந்தார்கள். மேலேயிருந்து குண்டு வந்துகொண்டே இருந்தது. நிலா மறைகிற வரைக்கும் காத்திருந்தார்கள். மறைந்ததும் மூன்று மலைகளிலும் ஒரே சமயத்தில் ஏறினார்கள். விடியும்போது மூன்றும் அவர்கள் கையில். பிரெஞ்சுத் தரப்பில் சேதம் மிகக் குறைவு. காலையில் ஜெயித்தவர்களே மலையை அண்ணாந்து பார்த்து, இதிலா ஏறினோம் என்று அசந்துபோனார்களாம்.

இரண்டு வருஷம் கழித்து, 1752-ல், அதே கோட்டைக்கு மேஜர் கின்னீர் தலைமையில் ஆங்கிலேயர்கள் வந்து பார்த்தார்கள். பிடிக்க முடியவில்லை. திரும்பியவர்களுக்கு விக்கிரவாண்டியில் பிரெஞ்சுக்காரர்கள் அடி கொடுத்தார்கள். (விக்கிரவாண்டி டோல்கேட்டில் இன்றைக்கு நமக்கு விழுகிற அடி தனிக் கணக்கு.)

மலை அதே மலைதான், மதிலும் அதேதான். 1750-ல் மட்டும் என்ன ஆச்சு? தோற்று ஓடி வந்த கூட்டம், யார் எங்கே காவல் என்று நிதானப்படுவதற்குள் விழுந்த அடி. ஒரு மலையில் சத்தம் கேட்டால் மற்ற மலைக்காரன் உதவிக்கு வர வேண்டும். மூன்றிலும் சத்தம் கேட்டால் யார் யாருக்கு உதவுவது? ஒரு குதிரை இரண்டு காய்களை மிரட்டும்போது நீங்கள் திணறுகிறீர்களே, அதே திணறல். மயிலாப்பூரில் உட்கார்ந்து புத்தகம் படித்தால் இது ‘மின்னல் தாக்குதல்’. நிலா எப்போது மறையும் என்று கணக்குப் போட்டுக் காத்திருந்தவனுக்கு அதில் மின்னலும் இல்லை, இடியும் இல்லை.

ராஜகிரியின் அந்த ஒற்றை வழியையும் யோசித்துப் பாருங்கள். எதிரி வர முடியாத இடம் என்றால் நீங்களும் போக முடியாத இடம் என்று அர்த்தம். செஸ்ஸில் ராஜாவை ஓரத்துக்குத் தள்ளி யானையைப் பக்கத்தில் கொண்டுவருவதைக் கோட்டை கட்டுவது என்கிறோம். கட்டி முடித்த நிம்மதியில் எத்தனை பேர் செத்திருக்கிறார்கள்! ஓரத்துச் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் முன்னால் தள்ளி ராஜாவுக்கு ஒரு ஜன்னல் திறந்து வைத்திருந்தால் இரட்டைப் பின்னல்காரி அன்றைக்கு ஒரு ராணியோடு ஜெயித்திருப்பாள். ராஜாராமிடம் ஜன்னல் இருந்தது.

இந்த இடத்தில் செஞ்சிக்காரர்கள் என்னை மன்னிக்க வேண்டும். ராஜா தேசிங்கைப் பற்றிச் சொல்லப் போகிறேன். 1714-ல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் பெரும்படையோடு வந்தபோது, கையில் இருந்த சின்னப் படையோடு நேராகப் பாய்ந்து செத்துப்போன இளைஞர். அவரையும் குதிரையையும் சிநேகிதன் மோவுத்துக்காரனையும் நாட்டுப்புறப் பாட்டும் கூத்தும் சினிமாவும் கொண்டாடித் தீர்த்துவிட்டன. எனக்கும் பிடிக்கும். ஆனால் செஸ் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிற ‘தியாகம்’ தேசிங்கு மாதிரி ஆகிவிட்டது என்பதுதான் என் புகார். ராணியைக் கொடுத்தால் வீரம், கை தட்டல். கொடுத்த பிறகு என்ன என்று கேட்டால் முழிக்கிறார்கள். தியாகம் என்ற வார்த்தையே இங்கே பொருந்தவில்லை. அந்த ஒல்லிப் பையன் ராணியைத் தியாகம் செய்யவில்லை. வட்டிக்கு விட்டான். இரண்டே மூவில் வசூல்.

ஆனந்தைப் பாருங்கள். 2013 ஜனவரி, நெதர்லாந்தில் வெய்க் ஆன் ஸீ. எதிரே அரோனியன். கறுப்புக் காய்களோடு ஆடிய ஆனந்த் ஒரு பிஷப்பைச் சிப்பாயின் வாயில் கொண்டுபோய் வைத்தார். அடுத்த மூவில் ஒரு குதிரையையும் அப்படியே. 23-வது மூவில் ஆட்டம் முடிந்தது. உலகமே வாயைப் பிளந்தது. வானத்திலிருந்து விழுந்த யோசனையா? 1907-ல் போலந்தின் லோட்ஸ் நகரத்தில் ரூபின்ஸ்டீன் ஆடிய ஒரு பிரபலமான ஆட்டத்தின் ஜாடை அதில் இருக்கிறது. அதோடு, அந்த வழியின் ஒரு பகுதி ஆனந்த் ஏற்கெனவே வீட்டில் ஆராய்ந்து வைத்திருந்ததுதான். நூறு வருஷத்துக்கு முந்தைய ஆட்டம் ஒருவர் தலைக்குள் தூங்காமல் இருந்தால் அதை நாம் ‘பிறவி மேதை’ என்று சொல்லிக் கழற்றிவிடுகிறோம். மேதை என்று சொல்லிவிட்டால் நாம் உழைக்க வேண்டாம் பாருங்கள், சௌகரியம்.

சரி, தோற்றவர் பக்கம் வருவோம். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலகச் சாம்பியன் போட்டியின் பதினாலாவது, கடைசி ஆட்டம். டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் டிங் லிரென் 55-வது மூவில் யானையை நகர்த்தி, வெட்டிக்கொள்ளலாமா என்று கேட்டார். பார்க்க நியாயமான மூவ்தான். ஆனால் அவருடைய பிஷப் பலகையின் ஒரு மூலையில் கிடந்தது. யானைகள் போனதும் குகேஷ் தன் பிஷப்பை அதே மூலைவிட்டத்தில் எதிரே கொண்டுவந்து நிறுத்துவார். ஒதுங்க இடமில்லை, வெட்டிக்கொண்டே ஆக வேண்டும். அப்புறம் மிஞ்சுவது ராஜாக்களும் சிப்பாய்களும்தான். குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல். மூன்று மூவில் டிங் கை கொடுத்தார். பதினெட்டு வயசில் நம் சென்னைப் பையன் உலகச் சாம்பியன்.

எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். அந்த மூவ் தப்பு என்று முதலில் தனக்கே உறைக்கவில்லை, வேறு மூவ் ஆடப் போய்விட்டேன் என்று குகேஷே பிறகு சொன்னார். வேறு மூவ் என்றால் யானையை வெட்டாமல் ஒதுங்குகிற மூவ். கை போகிற நேரத்தில் நிறுத்தி, மூலையில் கிடந்த பிஷப்பைப் பார்த்தார். தண்ணீர் குடித்தார். திரும்பத் திரும்பச் சரிபார்த்தார். சாம்பியன் பட்டம் அந்தச் சில நிமிஷத்தில் இருந்தது. ‘டிங் தூக்கிக் கொடுத்தார், இவன் வாங்கிக்கிட்டான்’ என்று டீக்கடையில் சொன்னவர்கள் அந்தச் சில நிமிஷத்தைக் கணக்கில் எடுக்கவில்லை.

டீக்கடையை விடுங்கள். முன்னாள் உலகச் சாம்பியன் கிராம்னிக்கே சிறுபிள்ளைத்தனமான தவறு என்று எழுதினார். இதே கிராம்னிக் 2006 நவம்பரில் ஜெர்மனியின் பான் நகரத்தில் ‘டீப் ஃப்ரிட்ஸ்’ என்ற கம்ப்யூட்டரோடு ஆடினார். அப்போது அவர் நடப்பு உலகச் சாம்பியன். நிதானமாக யோசித்து ராணியை நகர்த்தினார். அடுத்த மூவிலேயே மேட். ஒரே மூவில் மேட்! எட்டாம் வரிசையில் நின்ற குதிரையின் பலத்தில் எதிராளி ராணி வந்து இறங்கியது. ராணியைக் குதிரை அங்கிருந்து தாங்குவது அபூர்வமாக வருகிற காட்சி. பழகாததைக் கண் பார்க்காது. அவ்வளவுதான். இதை அவரைக் கேலி செய்யச் சொல்லவில்லை. அவருக்கே நடந்தது நம் ஒன்பது வயசுக்காரிக்கு நடந்தால் ‘கண்ணு எங்க இருந்துது’ என்று கேட்கிறோமே, அதற்காகச் சொல்கிறேன்.

இதில் நமக்கும் பங்கு உண்டு. இப்போதெல்லாம் செல்போனில் ஆட்டம் பார்க்கிறோம். பலகைக்குப் பக்கத்தில் ஒரு பட்டை. யாருக்கு ஜெயம் என்று கம்ப்யூட்டர் ஏற்றி இறக்கிக் காட்டுகிறது. டிங் யானையை வைத்த நொடியில் பட்டை சரிந்தது. குதிரை எந்தப் பக்கம் போகும் என்று தெரியாதவர்கூட ‘ஐயோ, இதுகூடத் தெரியலையா!’ என்று தலையில் அடித்துக்கொண்டார். விடைத்தாளைப் பார்த்துக்கொண்டே பரீட்சை எழுதுகிறவனைத் திட்டுகிற வேலை.

அதே வியாதி பயிற்சி வகுப்புகளிலும் வந்துவிட்டது. மாசம் பணம் கட்டுகிறீர்கள். பிள்ளை கையில் சிசிலியன் டிஃபன்ஸ் இருபது மூவ் அச்சடித்துக் கொடுக்கிறார்கள். கிளிப்பிள்ளை ஒப்பிக்கிறது. எதிராளி நாலாவது மூவிலேயே புத்தகத்தில் இல்லாததை ஆடினால் கிளி பேந்தப் பேந்த முழிக்கிறது. அடுத்தது புதிர். ‘வெள்ளை ஆடி ஜெயிக்க வேண்டும்’ என்று மேலே கொட்டை எழுத்தில் போட்டு, தினம் ஐம்பது. நல்ல பயிற்சிதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு வரியே பாதி விடையைச் சொல்லிவிடுகிறதே! இங்கே புதையல் இருக்கிறது என்று தெரிந்தால் யார் வேண்டுமானாலும் தோண்டுவார்கள். நிஜ ஆட்டத்தில் யாரும் தோளைத் தட்டி ‘தம்பி, இப்போ ஒரு புதையல் இருக்கு’ என்று சொல்வதில்லை. எனக்குத் தெரிந்து ஒரு வகுப்பில் புதிரே நூறு சரியாகப் போடுகிற பையன், ஆட்டத்தில் யானையைச் சும்மா கொடுத்துவிட்டு வருகிறான். ஏன் வரமாட்டான்? அவன் பழகியது கண்டுபிடிக்க. சந்தேகப்பட யாரும் பழக்கவில்லை.

என்னைக் கேட்டால் (யாரும் கேட்கவில்லை), பத்துப் புதிரில் நாலை ஒன்றுமே இல்லாத புதிராக வைக்க வேண்டும். பிள்ளை பத்து நிமிஷம் பார்த்துவிட்டு ‘சார், இதுல ஒண்ணும் இல்ல’ என்று தைரியமாகச் சொல்ல வேண்டும். அதற்கும் மார்க் உண்டு. சில புதிர்களைத் தலைகீழாக, எதிராளி நாற்காலியில் உட்கார வைத்துக் கொடுக்க வேண்டும். நான் இவனாக இருந்தால் எந்தக் காயால் செக் கொடுப்பேன், எதை வெட்டுவேன், எதை மிரட்டுவேன் என்று ஒவ்வொரு மூவுக்கும் மூன்று கேள்வி. நாலாவதாக, இப்போது நகர்ந்த காய் எதை விட்டு வந்தது. முதல் வாரம் எரிச்சலாக இருக்கும். பல் தேய்க்கவும் நமக்கு முதல் வாரம் எரிச்சலாகத்தான் இருந்தது.

அப்பாக்களுக்கும் ஒரு வார்த்தை. தோற்று வந்த குழந்தையிடம் ‘ஏன் தோத்தே?’ என்று கேட்காதீர்கள். அதற்கு அதனிடம் பதில் இல்லை. ‘ராணியை வெட்டுறப்போ உன் யானை எங்க இருந்துது?’ என்று கேளுங்கள். அதற்குப் பதில் உண்டு.

அன்றைக்கு மண்டப வாசலில் இதை நான் அந்த அப்பாவிடம் சொன்னேன். ‘நீங்க கோச்சா சார்?’ என்றார். வாட்டர் பாட்டில்காரன் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. பேசாமல் அந்தப் பெண்ணிடம், மண்டபத்துச் சுவர் ஓரத்தில் சிந்தியிருந்த அட்சதையை நாலு பொறுக்கி வைத்து, ராஜா, மூன்று சிப்பாய் என்று காட்டினேன். உதட்டைச் சுழித்துக்கொண்டு பார்த்தாள். “அந்த ஓரத்துச் சிப்பாய தள்ளியிருக்கணும்” என்று அவளே சொன்னாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு மூன்றாவது ரவுண்டு. மறுபடி கயிற்றோரம் நின்றேன். இந்தத் தடவை எதிரே ஒரு குண்டுப் பையன். நடு ஆட்டத்தில் ஒரு குதிரையைக் கொண்டுவந்து அவள் பிஷப்புக்கு நேரே வைத்தான். சும்மா. அவள் கை போனது. பாதியில் நின்றது. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் அப்பா ‘எடு, எடு’ என்று வாயசைத்துக்கொண்டிருந்தார். அவள் பார்க்கவில்லை. தன் ராஜாவைப் பார்த்தாள், கடைசி வரிசையைப் பார்த்தாள், பிஷப் நின்ற கட்டத்தைப் பார்த்தாள், தலையைச் சாய்த்து அவன் பக்கத்திலிருந்து பார்த்தாள். நாலு நிமிஷம் போயிருக்கும்.

ஒன்றுமில்லை. அவன் நிஜமாகவே சும்மாதான் கொடுத்திருந்தான். எடுத்தாள்.